திரும்பிப் போவதற்கான காரணம்

வருகையாளர் நலத்துறைக்கு ஒருவர் எதற்காக வருகிறார் என்பதில் பெரிய அக்கறை கிடையாது. எதற்காகத் திரும்பிப் போவார் என்பதுதான் அதன் கவலையெல்லாம். கதவைத் தட்டுகிறவரிடம் "எப்போது கிளம்புவதாக உத்தேசம்?" என்று கேட்டுவிட்டுத் தாழ்ப்பாளில் கை வைக்கிற வீட்டுக்காரர்களை நாம் பார்த்திருக்கிறோம். அவர்கள் அத்தனை பேரையும் ஒரே கட்டடத்தில் உட்காரவைத்துச் சம்பளம் கொடுத்தால் அதுதான் நலத்துறை. அதன் முகப்பில் "வருக! உரிய காலத்தில் செல்க!" என்று எழுதியிருந்தது. "வருக" மட்டும் சின்ன எழுத்தில் இருந்தது.

அந்த வாசகத்துக்குக் கீழே, ஒரு கால் ஆடுகிற பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனை எல்லோரும் மெக்கானிக் என்றுதான் கூப்பிடுவார்கள். லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிக் கட்டடங்களில் இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு கத்துகிறவர்களை வெளியே எடுப்பது அவன் பிழைப்பு. "பதறாதீங்க, இதோ வந்துட்டேன்" என்று வெளியிலிருந்து குரல் கொடுப்பதில் அவனுக்கு நல்ல பெயர். அவனிடம் அப்படிச் சொல்லத்தான் இந்த ஊரில் நாதியில்லை.

அவன் கேட்டது ஒன்றும் மலையைப் புரட்டுகிற காரியமில்லை. சொந்த ஊரில் இருக்கும் அவன் அம்மாவுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போகிற வியாதி. ஓரங்களெல்லாம் ஏற்கனவே இருண்டுவிட்டன, நடுவில் ஒரு வட்டம்தான் மிச்சம், அதுவும் எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடியாது என்றார் கண் டாக்டர். அம்மாவுக்கு மூன்று வயதில் ஒரு பேத்தி இருந்தாள், மெக்கானிக்கின் மகள். அவளைப் போனில் பார்த்ததோடு சரி. அந்த வட்டம் மூடுவதற்குள் பாப்பாவை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டாள். "கண்ணு போனா போகட்டும்டா. அவ முகத்தை ஒரு தடவை நெறையப் பாத்துட்டு அப்புறம் போகட்டும்" என்றாள்.

மெக்கானிக்கே பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போகலாமே என்று கேட்பீர்கள். அவனுடைய குடியிருப்பு அனுமதி, புதுப்பிப்பதற்காக அதே துறையில் கிடந்தது. விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போது நாட்டை விட்டு வெளியே காலெடுத்து வைத்தால், விண்ணப்பமே வேண்டாம் என்று நீங்கள் சொன்னதாக அர்த்தம். பரிசீலனை எப்போது முடியும் என்று கேட்டால் முடிந்ததும் தெரியும் என்பார்கள். ஆகவே அவன் போக முடியாது, அம்மா அப்பாதான் வர வேண்டும். ஆனால் அவர்களும் வர முடியாது. ஏனென்றால் ஏற்கனவே ஒரு முறை வந்திருக்கிறார்கள்.

அந்தக் கூத்தை இங்கே சொல்லிவிட வேண்டும்.

பாப்பா பிறப்பதற்கு முந்தைய வருடம் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். விசா முடியச் சில நாட்கள் இருக்கும்போது, அப்பா ஒரு காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, "கிளம்பறதுக்கு முன்னாடி ஏதாவது கையெழுத்துப் போடணுமான்னு ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடலாம்" என்றார். கேட்க வேண்டிய அவசியமே இல்லை. உலகத்தில் வேறு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அப்பா பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் எடுத்த ஸ்டாப்பைத் தாண்டி ஒரு ஸ்டாப் போனாலும் அபராதம் போடுவார். சொந்த மச்சினனையே ஒரு தடவை கொட்டுகிற மழையில் நடுவழியில் இறக்கிவிட்டார். அந்த மச்சினன் அதன் பிறகு அவர்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

நலத்துறையில் அன்று லிஃப்ட் ஓடவில்லை. பழுதுபார்க்க அனுமதி கேட்டு எழுதிய கடிதம் மேல்மாடியில் இருந்தது, அதை எடுத்துவர வேண்டிய சிப்பந்திக்கு மூட்டுவலி. அம்மாவும் அப்பாவும் படியேறினார்கள். படியை அப்போதுதான் ஈரத்துணியால் துடைத்திருந்தார்கள். அம்மா வழுக்கி விழுந்தாள், இடுப்பு எலும்பு முறிந்தது. உரிய காலத்தில் போவது எப்படி என்று கேட்கப்போன இடத்தில், அந்த இடத்துப் படியிலேயே விழுந்து, உரிய காலத்தில் போக முடியாதவள் ஆனாள்.

எலும்பு கூடும்வரை விமானத்தில் உட்காரக் கூடாது என்று அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர் எழுதிக் கொடுத்தார். அதை வைத்து மெக்கானிக் கால நீட்டிப்பு கேட்டான். மனுதாரர் நேரில் வர வேண்டும் என்று பதில் வந்தது. எலும்பு முறிந்து படுத்திருக்கிறாள், வர முடியாது என்று எழுதினான். வர முடியாத நிலையில் இருப்பதை மனுதாரர் நேரில் வந்து நிரூபிக்க வேண்டும் என்று பதில் வந்தது. அம்மா நிரூபிக்கவில்லை. மனு தள்ளுபடி ஆனது.

நடக்க முடிந்ததும் இருவரும் கிளம்பினார்கள். விமான நிலையத்தில் முத்திரை குத்துகிறவர் கொட்டாவி விட்டுக்கொண்டே இரண்டு பாஸ்போர்ட்டையும் வாங்கி, தேதியைப் பார்க்காமல் குத்தித் திருப்பிக் கொடுத்துவிட்டார். வாயை மூடிக்கொண்டு போயிருந்தால் எல்லாம் அதோடு தீர்ந்திருக்கும். அப்பா நகரவில்லை.

"சார், ஒரு நிமிஷம். நாங்க இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டி வந்துட்டோம். நீங்க கவனிக்கல. எழுதிக்கோங்க."

"பரவாயில்ல பெரியவரே, போங்க."

"பரவாயில்லன்னு எப்படி சார் சொல்லலாம்? தப்புன்னா தப்புதான்."

பின்னால் நின்ற வரிசை முணுமுணுத்தது. முத்திரைக்காரர் வேறு வழியில்லாமல் கம்ப்யூட்டரில் தட்டினார். இருவர் பெயருக்கும் எதிரே "காலம் மீறித் தங்கியவர்" என்று ஏறியது. அன்று உங்கப்பா விமானத்தில் நிம்மதியாகக் குறட்டை விட்டுத் தூங்கினார் என்று அம்மா பிற்பாடு சொன்னாள்.

ஆக, இப்போது மூன்றாம் ஜன்னல். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மாள் கெட்டவள் இல்லை. குரலில் இனிப்பு சொட்டும். மறுக்கிறவர்களுக்கெல்லாம் அப்படிப் பேச அங்கே தனியாகப் பயிற்சி உண்டாம்.

"ஏற்கனவே மீறினவங்க சார். திரும்பிப் போவாங்கன்னு நாங்க எப்படி நம்பறது?"

"போன தடவையும் போனாங்களேம்மா."

"லேட்டாத்தானே போனாங்க?"

"உங்க படியில விழுந்துதாம்மா லேட்டாச்சு."

"எங்க படியில எவ்வளவோ பேர் விழறாங்க சார். எல்லாருமா மீறறாங்க?"

எவ்வளவோ பேர் விழுகிறார்கள் என்பது மெக்கானிக்குக் கேள்விப்படாத செய்தியாக இருந்தது. அவன் வீட்டுப் பத்திரத்தை நீட்டினான். வீட்டைப் பூட்டிவிட்டு வரலாம் என்றாள் அம்மாள். நிலத்தின் பட்டாவை நீட்டினான். நிலம் எங்கேயும் ஓடிவிடாது, அதைப் பார்த்துக்கொள்ள யாரும் திரும்பிப் போக வேண்டியதில்லை என்றாள். பென்ஷன் என்றான். பென்ஷன் எங்கே இருந்தாலும் வரும், அது மீறுகிறவர்களுக்குத்தான் வசதி என்றாள்.

"பிள்ளைங்க எத்தனை பேர்?"

"நான் ஒருத்தன்தாம்மா."

"நீங்க எங்க இருக்கீங்க?"

"இங்கதான்."

அவள் பேனாவை மூடிவைத்தாள். "பாத்தீங்களா? நீங்களே உங்க வாயால சொல்லிட்டீங்க. போங்க சார், போய் உயிருள்ள காரணமா ஒண்ணு கொண்டுவாங்க."

வரிசையில் அடுத்து நின்ற தையல்காரர் அவன் தோளைத் தட்டினார். அவருக்கு இந்தத் துறையில் பழம் தின்று கொட்டை போட்ட அனுபவம். "நான் எருமையைக் காட்டினேன் தம்பி. எங்கப்பா வளத்த எருமை. போட்டோவெல்லாம் எடுத்து, அவர் கையால குடுத்தாத்தான் திங்கும்னு எழுதிக் குடுத்தேன். விசா வந்துடுச்சு."

"அப்புறம் என்ன, உங்கப்பா வந்துட்டாரா?"

"கிளம்பற நேரத்துல எருமை செத்துப்போச்சு. சூழ்நிலை மாறினா உடனே தெரிவிக்கணும்னு விதி. தெரிவிச்சேன், ரத்து பண்ணிட்டாங்க."

"வேற எருமை வாங்கியிருக்கலாமே அண்ணே?"

"வாங்கினேனே! புது எருமை மேல பாசம் வளர அவகாசம் போதாதுன்னுட்டாங்க." தையல்காரர் சிரிக்கவில்லை. அப்பாவின் சாவுக்கும் போக முடியவில்லை என்று பிறகு வேறு யாரோ சொல்லி மெக்கானிக்குத் தெரிந்தது.

அடுத்த முறை போனபோது ஜன்னல் அம்மாள் குரலைத் தாழ்த்தி ஒரு யோசனை சொன்னாள். "ரெண்டு பேருக்கும் சேர்த்து மனு போடறீங்களே, அதான் சார் தப்பு. ரெண்டு பேரும் இங்க வந்துட்டா அங்க யாரு? ஒருத்தர் வரணும், இன்னொருத்தர் அங்கயே இருக்கணும். இருக்கறவர்தான் வர்றவருக்குக் காரணம். புதுத் திட்டம். 'துணைக்கு நிற்கும் துணை'ன்னு பேரு."

"பிணைக்கைதி மாதிரியாம்மா?"

"அப்படியெல்லாம் சொல்லக் கூடாது சார். அது பழைய பேரு."

அன்று சாயங்காலம் ஊருக்குப் போன் போட்டுச் சொன்னான். அப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "உங்கம்மா வரட்டும். எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. நான் பாப்பாவைப் போன்ல பாத்துக்கறேன்."

"இவரைத் தனியா விட்டுட்டா?" என்று அம்மா பின்னாலிருந்து கத்தினாள். "அடுப்பைப் பத்தவைக்கத் தெரியாது இவருக்கு. சட்டை எங்க இருக்குன்னு தெரியாது!"

"சட்டை இல்லாமப் பொழைச்சுக்கறேன். நீ போய்ப் பாத்துட்டு வா."

இருவரும் நெருக்கமாக நிற்கிற படம் ஒன்று வேண்டும் என்று துறை கேட்டிருந்தது. அப்படி ஒரு படம் அவர்கள் வாழ்க்கையில் எடுக்கப்பட்டதே இல்லை. ஸ்டுடியோவுக்குப் போய் எடுத்து அனுப்பினார்கள். ஸ்டுடியோக்காரர் சொன்னதால் அப்பா அம்மாவின் தோளில் கை வைத்திருந்தார். டிக்கெட் இல்லாமல் பிடிபட்ட பயணியோடு இன்ஸ்பெக்டர் நிற்கிற மாதிரியே இருந்தது. விரல்கள் தோளில் முழுமையாகப் படியவில்லை என்று துறை அதைத் திருப்பி அனுப்பியது. இரண்டாவது படத்தில் விரல்கள் படிந்திருந்தன. அம்மா தலையைப் பக்கவாட்டில் திருப்பி, மிச்சமிருந்த வட்டத்தால் காமிராவைத் தேடிக்கொண்டிருந்தாள்.

பிறகு நேர்காணல். அதை நடத்தியது பிணைப்பு மதிப்பீட்டுப் பிரிவு. மதிப்பீட்டாளர் சின்ன வயதுக்காரர், கல்யாணம் ஆகாதவர், கணவன் மனைவி பாசத்தை அளப்பதில் மேல்படிப்பு படித்தவர். சுவரில் ஒரு திரை. திரையில் அப்பா, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் சாட்சியாக மூலையில் உட்காரலாம். வாயைத் திறந்தால் நேர்காணல் செல்லாது.

"உங்க மனைவிக்கு உங்க மேல பாசம் இருக்கா?"

அப்பா யோசித்தார். "கேட்டதில்ல சார்."

"இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூடவா?"

"அவசியம் வரல."

"சண்டை போடுவீங்களா?"

"தினமும்."

"எதைப் பத்தி?"

"காலையில எதைப் பத்தியாவது இருக்கும். சாயங்காலம், காலையில போட்ட சண்டையைப் பத்தி இருக்கும்."

மதிப்பீட்டாளர் அதைக் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டார். மெக்கானிக் பற்களைக் கடித்துக்கொண்டான். தாயே, ஒரே ஒரு தடவை இந்த மனுஷன் வாயில் ஒரு பொய்யை வரவை என்று வேண்டிக்கொண்டான். யாரை வேண்டினான் என்று அவனுக்கே தெரியாது.

"சரி. இதுதான் முக்கியமான கேள்வி. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்க மனைவி இங்க வந்து பேத்தியைப் பாத்ததுக்கப்புறம், கண்டிப்பா உங்ககிட்ட திரும்பி வந்துடுவாங்களா?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். எருமைகூடத் தலையை ஆட்டியிருக்கும்.

"உண்மையைச் சொல்லணுமா சார்?"

"உண்மையைத்தான் சொல்லணும்."

"எனக்குத் தெரியாது. நானா இருந்தா வரமாட்டேன். அந்தக் குழந்தையை விட்டுட்டு எவன் சார் வருவான்?"

மனு தள்ளுபடி ஆனது. உத்தரவில் இப்படி எழுதியிருந்தது: "காரணமாகக் காட்டப்பட்டவர், தாம் போதுமான காரணம் அல்ல என்பதைத் தாமே ஒப்புக்கொண்டுள்ளார்."

மெக்கானிக் போனில் எரிந்து விழுந்தான். "ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா என்னப்பா? எல்லாரும் அதைத்தானே சொல்றாங்க?"

"எல்லாரும் அப்படித்தாண்டா சொல்வாங்க. அவங்களுக்குத்தான் நான் ஆயுசு முழுக்க அபராதம் போட்டேன்."

"அம்மா கண்ணை விட உங்களுக்கு உங்க நேர்மைதான் பெருசாப் போச்சு."

மெக்கானிக் போனைத் துண்டித்தான். அப்பாவிடம் அப்படிப் பேசியது அவனுக்கு வாழ்க்கையில் முதல் தடவை. அந்த வெட்கத்தில் ஒரு வாரம் கூப்பிடாமலே இருந்தான். மேல்முறையீடு செய்தான். அது வாங்கப்பட்டு, எண் போடப்பட்டு, ஒரு பீரோவுக்குள் போனது. கண் பீரோவுக்குள் போகாது என்பது துறைக்குத் தெரியாது, அல்லது தெரியும்.

மாதங்கள் போயின. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பாப்பா போனுக்கு முன்னால் வந்து நின்று தன் சட்டை, பொம்மை, கிறுக்கல் எல்லாவற்றையும் காட்டுவாள். அம்மா உற்சாகமாகப் பேசுவாள். "அடி அம்மா, மஞ்ச கவுனா! யாருடி வாங்கிக் குடுத்தா?" மெக்கானிக்குச் சந்தோஷமாக இருக்கும். பரவாயில்லை, வட்டம் இன்னும் தாங்குகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர்ப்பக்கம் மின்விசிறி நின்றுபோயிருந்தது போலிருக்கிறது. வழக்கமான இரைச்சல் இல்லை. அம்மா வாயைத் திறப்பதற்கு முன்னால், திரைக்கு வெளியே யாரோ கிசுகிசுப்பது தெளிவாகக் கேட்டது. "பச்சைச் சட்டை. தலையில ரெண்டு குடுமி. கையில ஏதோ பேப்பர் வெச்சிருக்கா, படம் வரைஞ்சிருக்கா போல. நேரா பாரு, இன்னும் நேரா. இப்ப சிரி."

"ரெண்டு குடுமியாடி போட்டிருக்கே?" என்று அம்மா சிரித்தாள். "அது என்ன படம்? பாட்டிக்கா வரைஞ்சே?"

சொந்த மச்சினனுக்கே விட்டுக்கொடுக்காத மனுஷன், மனைவியின் காதருகே உட்கார்ந்து பொய்க்கு வரி வரியாக எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் கொட்டும் சத்தத்தில் அழுதான். அடக்க முடியாமல் அழுதான்.

மறுநாள் அப்பாவைத் தனியாகப் பிடித்துக் கேட்டான்.

"எப்பலேருந்துப்பா?"

"ரெண்டு மாசமாச்சு. சுத்தமா ஒண்ணும் தெரியல."

"ஏம்பா சொல்லல?"

"சொல்லாதீங்கன்னா. அவன்தான் என்ன பண்ணுவான் பாவம், அவனை ஏன் நோகடிக்கணும்னா. ஆனா ஆபீஸ்ல தெரிவிச்சுடுடா. டாக்டர் சர்ட்டிபிகேட் அனுப்பறேன். சூழ்நிலை மாறினா சொல்லணும்."

"வேண்டாங்க," என்றாள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மெக்கானிக்கின் மனைவி. "கெடைக்கறதும் கெடைக்காமப் போயிடும்." இனிமேல் கிடைத்துத்தான் என்ன என்று மெக்கானிக்குத் தோன்றியது. நீங்கள் செய்து முடித்ததை நீங்களே படித்துப் பாருங்கள் என்கிற ஆத்திரத்தில்தான் அந்தச் சான்றிதழை ஜன்னலுக்குள் தள்ளிவிட்டு வந்தான்.

இரண்டாம் நாளே துணை இயக்குநரிடமிருந்து அழைப்பு வந்தது. அந்தக் கட்டடத்தின் வரலாற்றில் எதுவும் இவ்வளவு வேகமாக நடந்ததில்லை.

துணை இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்து கை கொடுத்தார். "உக்காருங்க சார், உக்காருங்க. முதல்ல என் வாழ்த்துகள். உங்கம்மாவுக்கு விசா மஞ்சூர் ஆகியிருக்கு."

மெக்கானிக்குக் காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை.

"நெஜமாச் சொல்றேன், உங்க கேஸை நானே கைவிட்டுட்டேன். பழைய மீறல். கணவரோ ரொம்பப் பலவீனமான காரணம். கமிட்டியில எல்லாரும் முடியாதுன்னுட்டாங்க. அப்பத்தான் இந்த டாக்டர் சர்ட்டிபிகேட் வந்தது. நான் சொன்னேன், 'நிறுத்துங்கய்யா, இது இப்ப வேற கேஸ்!' முழுசாப் பார்வை போன ஒரு வயசான அம்மா. ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் குடிக்கணும்னாலும் புருஷன் கை வேணும். பாசத்தை அளக்க முடியாது சார், நானும் இத்தனை வருஷமாப் பாக்கறேன், எல்லாம் வேஷம். ஆனா இயலாமையை அளந்துடலாம். இயலாமை பொய் சொல்லாது. இவங்க திரும்பிப் போயே தீரணும். அப்படியே மீறி எங்கயாவது ஓடி ஒளியலாம்னாலும் வழி தெரியணுமே!" அவர் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டார். பிறகு முகத்தை உருக்கமாக வைத்துக்கொண்டார். "நலத்துறைக்கு நெஞ்சுல ஈரம் இல்லன்னு வெளியில பேசறாங்க. மனசைத் தொட்டுச் சொல்றேன். ஒரு மனுஷன் முழுசா ஒடைஞ்சு போனதுக்கப்புறம் நாங்க யாரையும் கைவிட்டதே இல்ல."

"சார், அம்மாவால தனியா வர முடியாது. அப்பாவும் கூட வரலாமா?"

"அவர் எப்படி சார் வருவார்? அவர்தானே காரணம்! காரணம் அங்கயே இருக்கணும்."

"அப்ப விசா வேண்டாம் சார். அவங்க எதுக்கு வரணும்னு கேட்டாங்களோ, அதுவே போயிடுச்சு."

துணை இயக்குநர் வருத்தமாகத் தலையை ஆட்டினார். "கேட்டு வாங்கிட்டு வராம இருந்தா அதுவும் மீறல்தான் சார். 'காலத்தில் வராதவர்'னு அதுக்கும் ஒரு பிரிவு இருக்கு. உங்க குடியிருப்பு அனுமதியும் நம்மகிட்டதான் இருக்கு, இல்லையா? ரெண்டும் ஒரே பீரோ. ஒண்ணைத் தேடும்போது இன்னொண்ணு கண்ணுல படும்." பிறகு எழுந்து வந்து அவன் தோளில் கை போட்டார். "தவிர, அடுத்த வாரம் குடும்பங்களை இணைக்கும் வாரம். இந்த வருஷம் இணைச்சோம்னு காட்ட ஒரு குடும்பம்கூட இல்ல. கடவுளாப் பாத்து உங்களை அனுப்பியிருக்கார்."

அம்மாவிடம் அவன் எதையும் மறைக்கவில்லை. வராதே என்றான். எனக்கு என்ன ஆனாலும் பரவாயில்லை என்றான்.

"வரேண்டா," என்றாள் அம்மா.

"எதுக்கும்மா இனிமே?"

"எதுக்கா? அவளைத் தூக்கி மடியில வெச்சுக்கலாம்ல? அவ தலையை மோந்து பாக்கலாம்ல? கண்ணுதாண்டா போச்சு. மூக்கு இருக்கு, கை இருக்கு. உங்கப்பா விமானம் வரைக்கும் கொண்டுவந்து விடுவார். அந்தப் பக்கம் நீ இருக்கே. நடுவுல உக்காந்துதானே இருக்கணும்? உக்காந்திருக்கக் கண்ணு எதுக்கு?"

அப்பா போனுக்கு வரவில்லை. அடுப்பைப் பத்தவைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார் என்றாள்.

விமான நிலையத்தில் பெரிய துணிப்பதாகை கட்டியிருந்தார்கள். துணை இயக்குநர் புது கோட்டில் இருந்தார். ஜன்னல் அம்மாள் கையில் பூங்கொத்து. மதிப்பீட்டாளரும் வந்திருந்தார். கழுத்தில் இரண்டு காமிரா மாட்டிக்கொண்டு படக்காரர் ஒருவர் இங்கும் அங்கும் ஓடினார். மெக்கானிக்கின் மனைவிக்கு மட்டும் அனுமதிச் சீட்டு தராததால் அவள் வெளியே நின்றாள். ஒரு குடும்பத்தில் இத்தனை பேரைத்தான் இணைக்கலாம் என்று வரையறை இருக்கிறதாம்.

அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்து ஒரு சிப்பந்தி தள்ளிக்கொண்டு வந்தார். கழுத்தில் ஒரு அட்டை தொங்கியது. "பார்வையற்றவர். திரும்பிச் செல்பவர்" என்று அச்சடித்திருந்தது. மெக்கானிக் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு முன்னால் பாய்ந்தான். துணை இயக்குநர் அவன் நெஞ்சில் கை வைத்துத் தடுத்தார்.

"ஒரு நிமிஷம் சார். முதல் பார்வை ரொம்ப முக்கியம். அது படத்துல வரணும்."

"அம்மா!" என்று மெக்கானிக் கத்தினான். அதே நேரத்தில் ஒலிபெருக்கி ஏதோ விமானத்தை அறிவித்தது. அம்மாவின் முகம் திடுக்கிட்டு நாலு பக்கமும் திரும்பி, கடைசியில் தள்ளுவண்டிகள் அடுக்கியிருந்த ஒரு தூணைப் பார்த்து நின்றது.

"பாட்டி, குழந்தையைப் பாருங்க!" என்றார் படக்காரர். அம்மா அவர் குரலைப் பார்த்துத் திரும்பினாள். "என்னை இல்ல பாட்டி, குழந்தையை!" அம்மா தடுமாறி மறுபடியும் தூணைப் பார்த்தாள். பாப்பா ஒரு சத்தம் கொடுத்திருந்தால் போதும். ஆனால் அத்தனை கோட்டுகளையும் காமிராக்களையும் கண்டு மிரண்டு, அவள் அப்பன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பாட்டின்னு கூப்பிடும்மா, கூப்பிடும்மா என்று அவன் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தான். வாயையே திறக்கவில்லை.

"சரிப்படல சார்," என்று படக்காரர் துணை இயக்குநரிடம் முறையிட்டார். "குழந்தை இங்க இருக்கு. அந்தம்மா பார்வை அந்தத் தூண் பக்கமா இருக்கு."

துணை இயக்குநருக்குத் தீராத பிரச்சினை என்று எதுவும் கிடையாது. "இதுக்கா இவ்வளவு நேரம்? குழந்தையை அங்க கொண்டுபோய் நிறுத்துங்க."

எல்லோரும் மெக்கானிக்கைப் பார்த்தார்கள். அந்த ஒரே பீரோ அவன் ஞாபகத்துக்கு வந்தது. அவன் போனான். அம்மாவைத் தொடாமல், கைக்கெட்டும் தூரத்தில் அவளைக் கடந்து, தூணுக்குப் போனான். பாப்பாவின் முகத்தை வலுக்கட்டாயமாகத் திருப்பி, தள்ளுவண்டிகளுக்கு முன்னால் தூக்கிப் பிடித்தான்.

"கொஞ்சம் கீழ. இன்னும் கொஞ்சம். இடது பக்கமா ஒரு அடி. ஆங், இப்ப சரியா இருக்கு. குழந்தையைத்தான் பாக்கற மாதிரி இருக்கு!"

"எங்கடா இருக்கா?" என்றாள் அம்மா. கைகள் இரண்டும் காற்றில் நீண்டிருந்தன. "என் பக்கத்துல இருக்காளா? எங்கடா?"

"உன் கண்ணுக்கு நேராத்தாம்மா இருக்கா," என்றான் மெக்கானிக்.

அம்மா முகம் முழுக்கச் சிரித்தாள். அருமை, கையை மட்டும் கொஞ்சம் இறக்கிக்கோங்க பாட்டி, குழந்தையை மறைக்குது என்றார் படக்காரர்.